கேமராவைக் கீழே வைக்காத போட்டோக்கா

முதன்முதலில் பார்த்தபோது அவள் கையில் இருப்பது குழந்தை என்றுதான் நினைத்தேன்.

புதுக்கடையில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண்ணின் அறையில் நான் அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். வாத்துப் படம் போட்ட மஞ்சள் டவலில் எதையோ பொதிந்து நெஞ்சோடு அணைத்திருந்தாள். "பைய, பைய. தள்ளி நில்லுங்க மக்களே" என்று எல்லோரையும் ஒதுக்கிக்கொண்டே வந்தாள். நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு, "உறங்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டவலை விலக்கிக் காட்டினாள். உள்ளே கறுப்பாக ஒரு கேமரா.

"இவ்வளவு நேரம் உறங்கிச்சு. இப்பம் எழுப்பணும்" என்றாள், சிரிக்காமல்.

அப்போது எனக்குத் தக்கலையில் ஒரு சின்ன பியூட்டி பார்லர். கல்யாணங்களுக்கு மணப்பெண் அலங்காரத்துக்குப் போவேன். அந்த நாளுக்குப் பிறகு சில வருடங்கள், பாதிக் கல்யாணங்களில் நானும் அவளும்தான். பெயர் சொல்லி யாரும் அவளை அழைத்து நான் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை முதல் போதகர் வரை எல்லோருக்கும் அவள் போட்டோக்கா. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற பெண்கள் மிகக் குறைவு. மணப்பெண் அறைக்குள் கூச்சமில்லாமல் நின்று எடுக்கலாம் என்பதால் பெண் வீட்டார் அவளைத் தேடி வந்தார்கள். படமும் நன்றாக எடுப்பாள். அழப்போகிற அம்மாவை அழுகை வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் அந்தக் கேமரா அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அவள் அதை எந்த மேசையிலும் வைத்து நான் பார்த்ததில்லை. பந்தியில் உட்கார்ந்தால் வாரை அப்படியே திருப்பிக் கேமராவை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். சாம்பார் வாளியோடு ஆள் வருவதைக் கண்டால் கையை உயர்த்தித் தடுப்பாள். "எனக்கு ரசம் வேண்டாம், பாயசம் வேண்டாம், இஞ்ச வராதிங்க" என்பாள். பரிமாறுகிறவர்கள் அவள் இலையைத் தாண்டும்போது பாம்பைத் தாண்டுவது போலத் தாண்டுவார்கள். லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் வெளியே நிற்கும் வேனுக்குள் போய்விடுவாள். வேன் ஓட்டுவது அவள் கணவர். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, "ஒரு நிமிசம் மூச்ச அடக்குங்க. பொடி பறக்கும்" என்பாள். அந்த மனிதரும் மறுபேச்சில்லாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

புதுச் செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வெள்ளையாய்ச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதை அவள் சேர்த்தாள். செருப்புக் கடைக்காரர்கள் அவளுக்கென்றே எடுத்து வைத்திருப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் வீட்டில் புதுப் பெட்டி பிரித்தாலும் கை தானாக அந்தப் பொட்டலத்தைத் தேடும்.

ஒருமுறை மேடைப் படியில் அவளுக்குக் கால் வழுக்கியது. சேலைக் கரையை மிதித்துவிட்டாள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். அவள் ஊன்றவில்லை. இரண்டு கையாலும் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மல்லாந்து விழுந்தாள். முழங்கை படியில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன்.

"ஏட்டி, லென்ஸப் பாரு, லென்ஸப் பாரு."

"கையில எலும்பு துருத்திட்டு நிக்குது அக்கா!"

"அது கூடிரும். லென்ஸ் கூடுமா? பாருட்டி."

கையில் கட்டுப்போட்டிருந்த காலத்திலும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். ஒற்றைக் கையால் எடுத்தாள். "விழணும்னா நானாக்கும் விழணும். இது விழப்பிடாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வேனில் திரும்பி வரும்போது ஒருநாள் கேட்டேன், எதற்கு இவ்வளவு பேடி என்று. எங்கள் ஊரில் பயத்துக்கு அதுதான் சொல். அவள் டவலின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"இது எனக்க அக்கா வாங்கித் தந்தது. குவைத்துல நர்ஸு. நாங்க படிச்சது, நான் கல்யாணம் கழிச்சது, இந்த வீடு, எல்லாம் அவளாக்கும். அவ மட்டும் கல்யாணம் கழிக்கல்ல. நான் ஸ்டுடியோவுல அடுத்தவனுக்க கேமராவத் தூக்கிட்டு நின்னேன்னு அறிஞ்சு, லீவுக்கு வந்தப்ப இதக் கொண்டு வந்தா. அங்க எத்தனை பேருக்க மலமும் மூத்திரமும் கோரிப்போட்டு வாங்கினது இது. இது கீழ விழுந்தா எனக்கு அவ விழுந்த மாதிரியாக்கும்."

அதற்கு மேல் நான் அவளைக் கேலி செய்யவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அந்த நர்ஸக்கா ஒரு பெரிய வெள்ளை லென்ஸும் கொண்டுவந்திருக்கிறாள். தூரத்தில் இருப்பதை இழுத்துப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் லென்ஸ். போட்டோக்கா அதை வைத்து வீட்டு முற்றத்துத் தெங்கில் இருந்த ஒரு காக்காயை எடுத்தாள். அவ்வளவுதான். வெல்வெட் துணியில் சுற்றி, பெட்டிக்குள் போட்டு, அலமாரியில் பூட்டிவிட்டாள். எந்தக் கல்யாணத்துக்கும் அது வரவில்லை. "பொறவு எடுக்கலாம்" என்பாள். எப்போது கேட்டாலும் அதே பதில்.

இந்தப் பேடியால் ஒரு நல்ல படம் போனதை நான் கண்ணால் பார்த்தேன். நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் கார் சபை ஆலய வாசலுக்கு வந்து நிற்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. குடை எடுத்து வர யாரோ ஓடினார்கள். அதற்குள் பெண்ணின் அப்பா காரிலிருந்து இறங்கி, தன் கோட்டைக் கழற்றி மகளின் தலைக்கு மேல் கூடாரம் போலப் பிடித்தார். வாழ்நாளில் சிரித்தே பார்க்காத மனிதர் என்று வீட்டார் சொல்லியிருந்தார்கள். அந்த மனிதரும் மகளும் கத்திச் சிரித்துக்கொண்டு அந்த மழையில் ஓடிவந்தார்கள். நான் போட்ட மேக்கப்பெல்லாம் வழிந்தது. எனக்கு வருத்தமே வரவில்லை. அவ்வளவு அழகு.

திரும்பிப் பார்த்தேன். போட்டோக்கா முகப்பின் கடைசித் தூணுக்குப் பின்னால் கேமராவை டவலில் சுற்றி அணைத்தபடி நின்றாள். சாரல் படாத இடம். ஓடிவரும் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குப் போன பிறகு வேனுக்குள் உட்கார்ந்து அழுதாள்.

"நல்ல படம் போச்சுட்டி. கண்ணுக்கு முன்னால போச்சு."

"நனைஞ்சா தொடைச்சிருக்கலாமே அக்கா" என்றேன்.

"ஒனக்கென்ன. பவுடர் போனா வேற பவுடர். எனக்கு?" என்று சீறினாள். பிறகு டவலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் ஆல்பம் வந்தபோது, காருக்குள் அவள் உட்கார்ந்திருக்கும் படமும் பீடத்தின் முன் நிற்கும் படமும் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. "அப்பா கூட ஓடி வந்தது இல்லியாக்கா?" என்று அவள் கேட்டபோது போட்டோக்கா பக்கத்தைப் புரட்டினாள்.

அடுத்த வருடம் நர்ஸக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். குவைத்தில் அவள் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற நாகர்கோவில்காரர் மாப்பிள்ளை. ஒரு நாள் அவரே நேரடியாகக் கேட்டாராம், இவளும் உடனே சரி சொல்லிவிட்டாளாம். அலங்காரத்துக்கு என்னைத்தான் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பகலில் ஜாக்கெட் அளவு பார்க்கப் போயிருந்தேன். நர்ஸக்கா நல்ல உயரம். சத்தமாகப் பேசுவாள், கட்டில்களுக்கு நடுவே நின்று பேசிப் பழகிய குரல். கண்ணாடியின் முன் நின்றபடி தங்கையிடம் சொன்னாள், "அந்த வெள்ளை லென்ஸ எடுட்டி, பாக்கட்டும். நாளைக்கு அதுல வெச்சாக்கும் எனக்குப் படம் எடுக்கணும்."

போட்டோக்கா கைகழுவி, துடைத்து, அலமாரியைத் திறந்தாள். பெட்டியை எடுத்தாள். வெல்வெட்டைப் பிரித்தாள். துணியிலிருந்து பூட்டிய வீட்டின் வாடை வந்தது. லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே, துடைக்க முடியாத ஆழத்தில், வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. பூஞ்சை. காற்றும் வெளிச்சமும் படாமல் ஈரத்துணிக்குள் கிடந்ததில் பிடித்திருக்கிறது. அவள் ஊரெல்லாம் சேர்த்துப் போட்டுவைத்த பொட்டலங்களே ஈரத்தில் ஊறிப்போயிருந்தன.

போட்டோக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்க கைபடாம வெச்சிருந்தேனே அக்கா. ஒரு கீறல் இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸக்கா லென்ஸை வாங்கி, எக்ஸ்ரே பார்க்கிறவள் போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டுத் தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இத வாங்கும்போ என்ன நெனச்சேன் தெரியுமா? நீ மழையில நிப்ப, மலையில ஏறுவ, கடல்ல இறங்குவன்னு நெனச்சேன். அங்க டூட்டியில காலு கடுக்கும்போ நான் இத நெனச்சுப் பாப்பேன். எனக்க தங்கச்சி இப்பம் எங்கயோ கேமராவும் கொண்டு ஓடிட்டிருப்பான்னு. நீ என்னன்னா, அலமாரியப் பூட்டிட்டு இருந்திருக்க."

"போனா திரும்ப எப்பிடியாக்கா…"

"போனா போவட்டும். ஒனக்கு நான் தந்தது காவலுக்கா?" குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "எனக்கும் பேடிதான் மக்கா. இந்த வயசுல என்ன கல்யாணம்னு நாலு பேரு பறைவாங்கன்னு எத்தனை வருசம் பேடிச்சு இருந்தேன். போதும். நாளைக்கு வைகுந்நேரம், வெயில் சாயும்போ, நானும் அவரும் மணவாளக்குறிச்சி கடல்ல இறங்கப் போறோம். சின்னதுல அம்ம ஒருநாளாவது நம்மள இறங்க விட்டாளா? கையப் பிடிச்சிட்டுக் கரையிலேயே நிப்பா. நாளைக்கு நான் இறங்குவேன். நீ எடுக்கணும்."

"கடலுக்கு வேற ஆள வெச்சு எடுக்கலாம் அக்கா. நான் கரையில நிக்கியேன்."

"வேற ஆளு எடுத்தா எனக்குப் படமே வேண்டாம்" என்றாள் நர்ஸக்கா. எழுந்து மறுபடியும் கண்ணாடியின் முன் போய் நின்றாள்.

மறுநாள் காலையில் சபையில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. போட்டோக்கா வழக்கம்போலத் தூசுக்கும் தோளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி எடுத்தாள். முகத்தில் மட்டும் ரத்தமில்லை. மாலையில் வேனில் கடற்கரைக்குப் போனோம். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால். பின் சீட்டில் நானும் அவளும். அவசரத்துக்கென்று எடுத்துப்போட்ட, படம் அவ்வளவு தெளிவாக விழாத ஒரு பழைய கேமராவும் காலடியில் கிடந்தது. கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இன்னொரு உறை, வாயை இறுக்கி ரப்பர் பேண்டு. வழியெல்லாம் அதைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

மணவாளக்குறிச்சி மணல் சாதாரண மணல் இல்லை. கறுப்பு. நைசாக மாவு போல எங்கும் ஏறும். காற்று அடித்துக்கொண்டிருந்தது. கரையில் நாலைந்து பேர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு மணப்பெண் இறங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை பாண்டை மடக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

போட்டோக்கா காய்ந்த மணலிலேயே நின்று எடுத்தாள். எடுத்துவிட்டு, கண்ணை எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். எனக்கே தெரிந்தது, அங்கிருந்து எடுத்தால் இரண்டு பேரும் தீக்குச்சி அளவில்தான் வருவார்கள்.

"பக்கத்துல வாட்டி!" என்று கடலிலிருந்து குரல் வந்தது.

அவள் ஈர மணல் வரை போனாள். நின்றாள். செருப்பைக் கழற்றினாள். முதல் நுரை காலைத் தொட்டதும் பின்வாங்கினாள். நான் மேக்கப் பெட்டியோடு பின்னால் நின்றேன். என்ன சொன்னாலும் திரும்பிவிடுவாளோ என்று இருந்தது. அவள் மறுபடி இறங்கினாள். கணுக்கால். முட்டு. பிளாஸ்டிக் உறை காற்றில் படபடவென்று அடித்தது. அவளுடைய மூச்சே உள்ளே பட்டு ஆவி பிடித்துவிட்டது. துடைத்தாள். மறுபடி பிடித்தது.

"ஒண்ணும் தெரியல்ல" என்று தனக்குத்தானே சொன்னாள். இன்னொரு தடவை துடைத்தாள். "ஒண்ணும் தெரியல்லட்டி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு உறையையும் உருவிச் சுருட்டி என் மேல் எறிந்தாள். சாயும் வெயிலில் அந்தக் கேமரா உறையும் துணியும் இல்லாமல் நின்றது. அவள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள்.

"ஏ பிள்ளே, பெரிசு ஒண்ணு வருது! திரும்பி வா!" வலைக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

அவள் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் காலை அகற்றி ஊன்றி நின்றாள். அலை எழுந்து, அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் சுவர் போல நின்று, உச்சியில் வெள்ளையாக உடைந்தது. அவர்கள் இருவர் மேலும் விழுந்தது. அடுத்த நொடி அவள் மேலும் விழுந்தது. அது வரைக்கும் கேமரா அவள் கண்ணிலேயே இருந்தது. பிறகு மூன்று பேரையும் காணவில்லை.

நுரை விலகியபோது மாப்பிள்ளை ஒரு கையால் மனைவியையும் மறு கையால் மைத்துனியையும் பிடித்திருந்தார். போட்டோக்காவின் கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது. இருமினாள். கேமராவின் ஒவ்வொரு சந்திலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. அவள் அதைக் குனிந்து பார்த்து உடைந்துபோவாள் என்று பயந்து நான் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினேன்.

அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. "கிட்டிச்சு!" என்று கூவினாள். "அக்கா, கிட்டிச்சுக்கா! முழுசும் கிட்டிச்சு!"

பட்டனை அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. இரண்டு முறை அழுத்தினாள். பிறகு மூடியைத் திறந்து உள்ளிருந்த சின்ன கார்டை எடுத்து, என் ஜாக்கெட் நுனியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத விட்ராதே. வேனுல பழைய கேமரா கிடக்கு, நான் எடுத்துட்டு வாறேன். வெளிச்சம் போவதுக்கு முன்ன இன்னும் எடுக்கணும்."

செத்த கேமராவைக் கழுத்தில் போட்டபடி அவள் மணலில் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரே டவலோடு வந்த கணவரைத் தள்ளிவிட்டு ஓடினாள். பழைய கேமராவோடு திரும்பி வந்து, ஒரு நொடி நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். வலைக்காரர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு அலைக்கும் அவர்களே கணக்குச் சொன்னார்கள். "இது கொள்ளாம், நல்ல அலை, இதுக்கு நில்லு! இது வேண்டாம், விடு!" வெளிச்சம் முழுக்கப் போகிறவரைக்கும் எடுத்தாள். திரும்பும்போது வேன் முழுக்க உப்புத் தண்ணீர். அவள் உரக்கப் பாடிக்கொண்டு வந்தாள். நர்ஸக்காவும் சேர்ந்து பாடினாள். மாப்பிள்ளைக்கு வரி தெரியவில்லை, தாளம் போட்டார்.

கேமரா பிழைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் கொண்டு காட்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நான் துக்கம் விசாரிப்பது போல அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இத்தனை வருசமா நான் பேடிச்சது இதுக்குத்தானா?" என்றாள். "போன அன்னைக்கு ராத்திரி நல்லா உறங்கினேன்ட்டி. இத்தனை நாளா ஒழுங்கா உறங்கல்லன்னு அப்பந்தான் தெரிஞ்சுது."

அந்தக் கடல் படம் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போயிற்று. கடற்கரைக்காரர்கள் கூப்பிட்டார்கள். மழைக் காலத்தில் கல்யாணம் வைத்தவர்கள் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அவள் தன் சம்பாத்தியத்திலேயே ஒரு கேமரா வாங்கினாள். வாங்கிய மாதமே அதன் மூலையில் பெயிண்ட் போயிருந்தது. மீன்பிடி வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து எடுத்தாள், நடவு வயலின் சேற்றில் முழங்கால் போட்டு எடுத்தாள். மண்டப வாசலில் மழை பிடித்தால் முதலில் வெளியே ஓடுகிற ஆள் அவளாகத்தான் இருந்தாள். பிள்ளைகள் கேட்டால் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவாள். "நீயும் ஒண்ணு எடுத்துப் பாரு மக்கா" என்பாள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் பதறுவார்கள்.

பிறகு என் கணவருக்கு மாற்றலாகி நாங்கள் திருச்சிக்கு வந்துவிட்டோம். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது நாகர்கோவிலில் நர்ஸக்காவின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தப் படம். மேலே உடைந்து நிற்கும் அலை. தண்ணீர் ஒவ்வொரு துளியாகக் காற்றில் நிற்கிறது. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடியிருக்கிறார். நர்ஸக்கா கண்ணை அகலத் திறந்து, வாயைத் திறந்து, நேராகக் கேமராவைப் பார்க்கிறாள்.

நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா பேடிச்சிட்டீங்க போலுக்கு. காப்பாத்துங்கன்னு கத்தினீங்களா?" என்று கேட்டார்.

"யாரு பேடிச்சா?" என்றாள் நர்ஸக்கா. காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி, ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்கே கேட்கிற குரலில் கத்திக் காட்டினாள்.

"எடுட்டீ!"